கத்திரியை விடாத விரல்

திராட்சைக் கொடி வெட்டும் கவாத்துக்கு நாள் பார்த்த வாரத்தில்தான் என் வலது கை மோதிர விரல் மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் மடங்கியே கிடக்கும். இடது கையால் நீட்டினால் டக்கென்று ஒரு சொடுக்கு. உசுரு போய் வரும்.

கம்பம் பக்கம் எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு திராட்சைப் பந்தல். கொடியில் துளிர் விடும் எந்தக் கண்ணுக்கு மேலே வெட்டுகிறோமோ, அதைப் பொறுத்துத்தான் அந்தப் போகத்துக் காய். அந்த வெட்டை நான் இன்னொருத்தர் கைக்கு விட்டதே இல்லை.

பக்கத்துத் தோட்டத்து மச்சான் விரலைப் பார்த்தார். "மாப்ள, கத்திரி பிடிக்கத் தோதாத்தானய்யா மடங்கியிருக்கு! இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்க?" என்றார். அவர் கேலிக்குச் சொன்னதை நான் யோசனையாகவே எடுத்துக்கொண்டேன். கைப்பிடியை மடங்கின விரலுக்குள் செருகி, நழுவாமல் இருக்க சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டி, வெட்டப் போய்விட்டேன்.

ரெண்டு வரிசைகூட முடியவில்லை. டியூபை அவிழ்த்த பிறகும் விரல் கத்திரியை விடமாட்டேன் என்றது. கீழே குச்சி பொறுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி ஓடிவந்து பிரித்தெடுத்தாள்.

"கல்யாணத்தன்னிக்கு என் கையக்கூட இப்பிடிப் பிடிக்கலயே நீங்க!"

சிரிக்கத்தான் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. கை போய்விட்டால் பந்தல் என்னாவது?

தேனியில் எலும்பு டாக்டரம்மா உள்ளங்கையில் விரலடியை அழுத்தினார்கள். பட்டாணி மாதிரி ஒரு முடிச்சு. "விரலை இழுக்குற தசைநாரு ஒரு சின்னக் குழாய்க்குள்ள ஓடுது. இறுக்கிப் பிடிச்சுப் பிடிச்சு வீங்கிப் போச்சு. அதான் போனா வரமாட்டேங்குது" என்றார்கள். சுகர் பார்த்துவிட்டு ஊசி போட்டார்கள். விரல் மடங்காமல் இருக்க ஒரு பட்டையும் மாட்டினார்கள். இதற்கும் கேட்கவில்லையென்றால் சின்ன ஆபரேஷனாம். "முக்கியமா, சரியாயிருச்சான்னு மடக்கி மடக்கிப் பாக்காதீங்க."

அதுதான் எனக்கு வராதே! பஸ்ஸில் அந்தக் கை மேல் இன்னொரு கையை வைத்து அமுக்கிக்கொண்டேதான் வந்தேன்.

கவாத்து காத்திருக்காது. வீட்டுக்காரி ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டாள். நான் கீழே. "அந்தக் கண்ணு இல்ல, மேல! மேல!" மோட்டார் ரூம் வரை போவேன், திரும்புவேன், மறுபடி கத்துவேன்.

"ஏங்க, ஒண்ணு வாயக் கட்டுங்க, இல்ல காலக் கட்டுங்க. விரலுக்கு மட்டும் பட்டை போட்டு என்னத்துக்கு?"

மோட்டார் ரூம் ஓரத்துக் கொடியை அவள் வெட்டாமலே விட்டிருந்தாள். மறந்துவிட்டாள் என்று மனசுக்குள் பொருமினேன்.

பட்டை கழற்றிய வாரம், மற்ற கொடிகளில் பூங்கொத்து இறங்கியிருந்தது. நல்ல கொத்துதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் கத்திரியைக் கொண்டுவந்து நீட்டினாள். கைப்பிடியில் பழைய துண்டைக் கிழித்துத் தடிமனாகச் சுற்றியிருந்தாள்.

"அந்த ஒண்ணு உங்களுக்குன்னுதான் விட்டேன். நிறுத்தி நிறுத்தி வெட்டுங்க."

வெட்டினேன். வெட்டுவாயில் தண்ணீர் துளிர்த்து மணிக்கட்டில் சொட்டியது. முடித்துவிட்டுக் கத்திரியை அவளிடம் நீட்டி, விரல்களைத் தளர்த்தினேன். சத்தமில்லாமல் விட்டது.

இன்னொரு தடவை மடக்கிப் பார்க்கக் கை பரபரத்தது.

"ம்ம்..." என்று அதட்டினாள்.

கையைத் தூக்கித் தலைக்கு மேல் பந்தல் கம்பியில் போட்டுக்கொண்டேன்.