இரட்டைப் பிரதி என்று அனுப்பிய இதழ்

இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தமிழ்ப் பெண்கள் பத்திரிகைகளைச் சேர்ப்பது என் பழக்கம். அரிசி கிடைக்காத நாளில் கிழங்கில் அடை சுடுவது எப்படி என்றெல்லாம் அவற்றில் எழுதியிருப்பார்கள்.

சென்ற மாதம் சின்ன காஞ்சிபுரத்துப் பழைய பேப்பர் கடையில் ஒரு கட்டு வாங்கினேன். அதில் ஓர் இதழ் என்னிடம் ஏற்கெனவே இருந்ததால், அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் மதுரையில் இருக்கும் இன்னொரு சேகரிப்பாளருக்குக் கூரியரில் போட்டுவிட்டேன்.

அன்று மதியமே, கடைக்காரரிடம் விசாரித்துக்கொண்டு எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மா என் வீட்டுக்கு வந்தார்.

"மருமக தெரியாம எடைக்குப் போட்டுடுச்சும்மா. எங்கப்பா பர்மா சண்டைக்குப் போயி திரும்பவே இல்ல. எங்கம்மா ஒரு புக்கு ஓரத்துல அவருக்குன்னு பென்சில்ல எழுதி வெச்சிருக்கும். எங்கம்மா கையெழுத்து வேற எதுலயும் இல்ல."

கட்டு முழுவதும் தேடினோம். இல்லை. காலையில் மதுரைக்கு அனுப்பிய இதழ் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கூரியர் அலுவலகத்துக்கு ஓடினேன்.

"மூட்டை கட்டியாச்சுமா. வண்டி வந்துக்கினு இருக்குது" என்றார் அங்கிருந்தவர். ஆனாலும் ரசீதைப் பார்த்துவிட்டு, மூட்டையைப் பிரித்து உறையை எடுத்துக் கொடுத்தார்.

ஒரு பக்கத்தின் ஓரத்தில் மங்கலாக எழுதியிருந்தது: "பாப்பாவுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. வந்ததும் பாருங்கள்."

"பாப்பான்றது நான்தாம்மா" என்றார் அவர்.

இப்போதெல்லாம் எந்த வீட்டிலிருந்து வந்த கட்டு என்று கேட்டு, அந்த வீட்டாரிடம் பேசிய பிறகே வாங்குகிறேன். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்தையும் படிக்காமல் எந்த இதழையும் கைமாற்றுவதில்லை.