எங்கள் ட்ரெயிலரின் விலாவும் தேவியக்காவின் பாகற்பந்தலும்

என் மனைவி றெஜினா டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குள் துப்புரவு வேலை செய்கிறாள். ஒன்பது வருடமாக மற்றவர்கள் ஊர் சுற்றிவிட்டுப் போட்ட குப்பையைப் பொறுக்குபவளை ஒருமுறையாவது ஊர் சுற்றக் கூட்டிப்போக நினைத்து, பன்னிரண்டடி நீளப் பழைய பயண ட்ரெயிலர் ஒன்றை வாங்கினேன். என்னைவிட மூன்று வயது மூத்தது. என்னைப் போலவே வெளியே பளபளப்பு, உள்ளே உக்கல். ஜூன் கடைசியில் அவளுக்கு லீவு கிடைத்தது.

"சனிக்கிழமை வெளிக்கிடாட்டில், லீவைத் திருப்பிக் குடுத்திட்டு வேலைக்குப் போயிடுவன்" என்றாள். சொன்னால் செய்வாள்.

திங்கட்கிழமை முன்சுவரின் உட்பலகையைக் கழற்றினேன். உள்ளிருந்த மரச்சட்டம் தேநீரில் நனைந்த பாண்துண்டு போலக் கையோடு வந்தது. அலுமினியத் தகட்டைத் தாங்கி நிற்பவை இடமும் வலமும் விலா எலும்பு போல வளைந்த இரண்டு மரத்துண்டுகள்; விலாக்கள் என்பார்கள். இரண்டையும் பிடுங்கி ரோட்டோரம் வைத்தேன். வேலை தெரிந்தவர்கள் இந்த இடத்தில் நெற்றியில் அடித்துக்கொள்வார்கள். பழைய விலாவைப் புதுப்பலகையில் வைத்துக் கோடு போட்டால்தானே அதே வளைவு வரும்! மறுநாள் காலை ஒரு வீடியோவில் இதை அறிந்து வெளியே ஓடினேன். குப்பை வண்டி இன்னும் வரவில்லை. விலாக்களைக் காணோம்.

அன்று பின்னேரம் றெஜினா கைபேசியும் கையுமாக வந்தாள். "இஞ்சாருங்கோ, உங்கட ட்ரெயிலரில பாகற்காய் காய்க்கப் போகுதாம்."

எங்கள் தேவாலயப் பங்குப் பெண்களின் வாட்ஸப் குழுவில் தேவியக்கா தன் புதுப் பாகற்பந்தலின் படத்தைப் போட்டிருந்தார்; பந்தலைத் தாங்கி நின்றவை என் விலாக்கள். செயின்ட்-மிஷேலில் எங்கள் தெருவில் இருக்கும் மகளைப் பார்க்க வந்தவர், திரும்பும்போது ரோட்டோரம் கிடந்த அவற்றையும் கொண்டுபோயிருக்கிறார்.

வில்லரேயில் அவர் வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர், பதினொரு நிமிடம். கார் நிறுத்த இடம் தேட இருபது நிமிடம்.

"ரோட்டில கிடந்ததைத்தானே எடுத்தனான். கொடியும் கட்டியாச்சு. அவிழ்க்கேலாது தம்பி."

"அக்கா, அது இல்லாட்டில் சனிக்கிழமை றெஜியைக் கூட்டிக்கொண்டு போகேலாது."

"ஆர், றெஜிக்கு லீவு குடுத்தவங்களே? அதை முதலே சொல்லுறதுக்கென்ன!"

அவிழ்க்க மட்டும் சம்மதிக்கவில்லை. பெரிய அட்டைப்பெட்டியொன்றை வெட்டி விரித்துப் பந்தலுக்குப் பின்னால் பிடித்தார். நான் இலை இலையாக விலக்கிப் பென்சிலால் கோடு போட்டேன். "ஒரு இலை முறிஞ்சாலும் உம்மட கையை முறிப்பன்." கீழ்நுனி உக்கி விழுந்திருந்த இடத்தில் கோடு நின்றுவிட்டது. தேவியக்கா முப்பது வருடமாகச் சட்டை தைப்பவர். பென்சிலைப் பிடுங்கி, "இடுப்பு இப்பிடித்தான் வரும்" என்று ஒரே இழுப்பில் மிச்சத்தை வரைந்தார். பிறகு அந்தக் கோட்டின்படி புதுப்பலகையை வெட்டி மாட்டிப் பார்த்தபோது மயிரிழை பிசகவில்லை.

முக்கால் அங்குல ஒட்டுப்பலகை, பசை, திருகாணி, தகட்டின் விளிம்புக்கு நீர்காப்பு நாடா: எல்லாம் 112 டொலர். நாடாவில் மிச்சம் பிடிக்காதீர்கள். மரம் உக்கியதே அந்த விளிம்பால் இறங்கிய மழையால்தான். வெள்ளி மாலை ஆறரைக்கு நான் வெளியே நின்று குழாயால் தண்ணீர் அடித்தேன். றெஜினா உள்ளே மூலைகளில் டிஷ்யூவை ஒற்றிப் பார்த்தாள்.

"றெஜி, தண்ணி வருதோ?"

"இல்லை. உங்கட சத்தம்தான் வருது."

சனி காலை 7.40க்குப் புறப்பட்டோம். வடக்கே 134 கிலோமீட்டர், மணிக்கு எண்பதைத் தாண்டாமல் இரண்டேகால் மணிநேரம். ஏரிக்கரை முகாமில் ஓரிரவுக்கு 46 டொலர். றெஜினா முதல் நாள் முழுக்கத் தூங்கினாள். இரண்டாம் நாள் ஏரியில் காலை விட்டுக்கொண்டு, எங்கள் பங்கிலுள்ள அத்தனை பேரைப் பற்றியும் என்னோடு கதைத்தாள். மூன்றாம் நாள் காலை, நான் சாமான் கட்டும்போது, வேலையிடத்துக்குத் தானே போன் எடுத்து இன்னும் ஒரு நாள் லீவு கேட்டாள். கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே போகிறவர்களுக்கு ஒன்று: கழற்றியதை எறியாதீர்கள். இன்னொன்று: முகாமில் ஓரிரவு கூடுதலாகப் பதிவு செய்யுங்கள். நாங்கள் கேட்டபோது இடம் நிரம்பிவிட்டது. றெஜினா அதற்கு என்னை ஏசத் தொடங்கியவள், வீடு வரும்வரை நிறுத்தவில்லை. அவ்வளவு பிடித்துவிட்டது அவளுக்கு.