முள்ளைத் திருப்பிய பிள்ளைகள்

அபுதாபி முசஃபாவில் எங்கள் வொர்க்‌ஷாப் சூப்பர்வைசர் ஓட்டோ நீலக் கண்ணும் செம்பட்டை மீசையுமாக இருப்பார். மெஸ்ஸில் சோற்றோடு கறுப்பு பீன்ஸைக் குழைத்து அடிப்பார். சேர்ந்த புதிதில், ஜெர்மனியில் எந்த ஊர் என்று கேட்டேன். "ஜெர்மனி மாஃபி. பிரேசில்," என்று அரபு கலந்து மறுத்தார். கலாய்க்கிறார் என்றுதான் நினைத்தேன். உண்மையில், ஜெர்மன்காரர்கள் போய்க் காட்டை வெட்டிக் குடியேறிய ஒரு துளியூண்டு பிரேசில் கிராமம் அவருடையது. அந்த ஊர்க் கதை முழுதும் எனக்குக் கிடைத்தது என் மகள் யாழினியால்.

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் எப்போதும் இந்திய நேரம்தான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கலாம். ஊரில் அப்பா ஏழரைக்குச் சாப்பிடுவார். அதற்கு முன் என்னோடு பேசியாக வேண்டும். ஒன்றரை மணியைக் கழித்துப் பார்ப்பது எனக்கும் மனைவிக்கும் பழகிவிட்டது. ஏழு வயது யாழினிக்குப் பள்ளியில் அப்போதுதான் மணி பார்க்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒருநாள் விடியும் முன்பே எழுந்து, கடிகாரத்தில் ஆறரை என்று பார்த்து, பஸ் போய்விடுமே என்று யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு தனியாகக் கீழே இறங்கிவிட்டாள். பிள்ளையைக் காணோம் என்றதும் எங்களுக்கு உயிரே போய்விட்டது. கீழே வாட்ச்மேன் பாயின் நாற்காலியில் பள்ளிப் பையோடு உட்கார்ந்திருந்தாள். அது ஊர் டைம் என்று விளக்கினேன்.

"நாம அங்கயாப்பா இருக்கோம்?" என்றாள்.

இதைச் சொன்னதும் ஓட்டோ வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் ஊர் முன்னோர்களும் கப்பலில் கொண்டுவந்த கடிகாரத்தைக் கோயிலில் மாட்டி, ஜெர்மன் நேரத்திலேயே ஓடவிட்டார்களாம். ஜெர்மனியில் உறவுகள் ஜெபிக்கும்போது பிரேசிலில் இவர்களும் ஜெபிக்க வேண்டுமாம். திரும்பிப் போகிறவர்கள்தானே என்று வீடுகளைக்கூடப் பலகையில்தான் கட்டினார்களாம். அங்கேயே பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வந்தது வினை. உச்சிவெயிலில் கடிகாரம் மாலை என்றது. பிள்ளைகள் நச்சரித்தே முள்ளைத் திருப்பவைத்தார்கள். கோபித்துக்கொண்ட பெரியவர்கள் சிலர் கொஞ்சநாள் கோயில் பக்கமே வரவில்லை. அதற்குப் பிறகு யாரும் ஜெர்மனிக்குத் திரும்பவில்லை, கலாஸ், முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார் ஓட்டோ.

அவர்களுக்காவது அந்தக் காடு சொந்தமானது. நமக்கு விசா முடிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். முள்ளைத் திருப்பினால் அப்பாவைக் கைவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்றும் பயமாக இருந்தது. ஆனால் குழந்தை இருட்டில் தனியாக இறங்கிப் போனதை நினைத்தாலே பகீரென்றது. ஞாயிற்றுக்கிழமை அவளைத் தூக்கிப் பிடித்தேன், அவளே முள்ளை ஒன்றரை மணி நேரம் பின்னுக்குத் திருப்பினாள்.

அன்று மாலை கடிகாரத்தில் ஏழு. அப்பாவைக் கூப்பிட இன்னும் நேரம் இருக்கிறது என்று சோபாவில் காலை நீட்டினேன். போன் அடித்தது.

"தம்பி, மணி எட்டரை ஆச்சுப்பா. சோத்தப் போட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்," என்றார் அப்பா.

யாழினி போனுக்குள் எட்டிப் பார்த்தாள். "இல்ல தாத்தா, ஏழுதான் ஆகுது."

நான் இரண்டு பேருக்கும் ஆமாம் போட்டேன்.