சின்னது முன்னாடி

திருப்பத்தூரிலிருந்து வரும் காலைப் பேருந்து மலைமேல் இருக்கும் எங்கள் பள்ளி வாசலில் நின்றது. வழக்கமாக இங்கே இறங்குபவர்கள் இறங்கிய பிறகும் நடத்துனர் விசில் கொடுக்கவில்லை. படியில் நின்றபடியே என்னைப் பார்த்து, "டீச்சர், நம்ம டிரைவரண்ணன் வூட்டம்மா தவறிட்டாங்க. விடிகாலையில வேலூர் ஆஸ்பத்திரியில" என்றார். காமாலை என்று சேர்த்திருந்தார்கள். தேறி வருகிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். டிரைவரண்ணன் வீட்டம்மா என்று அவர் சொன்னது, பக்கத்து வகுப்பறையில் ஆறு ஆண்டுகளாக என்னோடு வேலை பார்த்த மரகதம் டீச்சரை.

அவரோடு பழகிய நீங்கள் அவரைப் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருப்பீர்கள். நான் ஒரு பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதை இதுவரை யாரிடமும் நான் பேசியதில்லை.

என் கணவர் இறந்து ஓராண்டு கழிந்திருந்தது. என் மகள் கவிதாவுக்கு நான்கு வயது. சந்தவாசலில் இருக்கும் என் மாமனார், பேத்தி தன் வீட்டில்தான் வளரவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கெட்டவர் அல்லர். மகனைப் பறிகொடுத்தவர். மலையில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று உறுதியாக நம்பினார். அந்தச் சமயத்தில்தான் மரகதம் டீச்சர், கோடை விடுமுறைக்கு வயநாட்டு மழைக்காட்டுக்கும் அங்கிருந்து இறங்கிக் கடலுக்கும் போகலாம் என்றார். அவருடைய தங்கை கணவர் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எழுத்தர். தங்க இடம் உண்டு. டிரைவரண்ணனுக்கு விடுப்புக் கிடைக்காது. நாங்கள் இரண்டு பேர், அவருடைய இரண்டு பையன்கள், கவிதா.

மாமனாரிடம் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "போய்ட்டு வாம்மா. ஆனா புள்ள மேல ஒரு கீறல் வுழுந்து வந்தாலும், அப்பறம் அது இங்கதான் இருக்கும்" என்றார். அன்றிலிருந்து எனக்கு உறக்கம் போயிற்று.

மரகதம் டீச்சரிடம் இதைச் சொன்னபோது, "அப்போ கீறல் வுழாம போய்ட்டு வரணும். அவ்ளோதானே?" என்றார். அந்த வாரமே ஒத்திகை தொடங்கிவிட்டது. ஞாயிறு காலைகளில் பிள்ளைகளின் முதுகில் பையை மாட்டி, பள்ளிக்கு மேலே உள்ள காட்டுப் பாதையில் எங்களை நடத்திக்கொண்டு போவார். மலையில் சாமையும் புளியும் கொண்டு சந்தைக்கு இறங்குகிறவர்கள் ஒற்றை வரிசையில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். வரிசையின் தலையில் வீட்டின் மிகச் சிறிய குழந்தை நடக்கும். கடைசியில் விட்டால் எப்போது பின்தங்கியது என்று தெரியாது, முன்னால் விட்டால் எல்லோர் கண்ணும் அதன்மேல் இருக்கும். மரகதம் டீச்சர் அதையே எங்கள் சட்டமாக்கினார்.

"சின்னது முன்னாடி. அது கால் எவ்ளோ தூரம் போவுதோ, அவ்ளோதான் நம்ம ஊர்சுத்தல்."

"அது நின்னா?" என்றான் அவருடைய பெரியவன்.

"நாமளும் நிக்கணும்."

"அது ஒண்ணுக்குப் போனா?"

"நீ மட்டும் திரும்பி நில்லுடா."

நான் புத்தகங்களில் மழைக்காட்டைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க பயம் வளர்ந்தது. அட்டை, பாம்பு, வழுக்குப் பாறை, திடீர் வெள்ளம். ஒவ்வொன்றாக அவரிடம் கொண்டுபோவேன். அட்டைக்குப் புகையிலைத் தண்ணீரில் காலுறையை நனைத்துக் காயவைத்தார். வழுக்கலுக்குப் பழைய டயர் அடி வைத்த செருப்பு தைக்கச் சொன்னார். "காட்டைப் பத்தி இவ்ளோ கேக்குற, கடலைப் பத்தி ஒண்ணும் கேக்கலியே?" என்று ஒருமுறை சிரித்தார். பிறகு அவரே பதிலும் சொன்னார். "அங்க இன்னா இருக்குது? வெட்டவெளி. எல்லாம் கண்ணுக்குத் தெரியும்." எனக்கும் அது சரியாகவே பட்டது. நாங்கள் இருவருமே கடலைப் பார்த்ததில்லை.

காடு எங்களை ஒன்றும் செய்யவில்லை. மே மாதக் கடைசி, முதல் மழை பெய்திருந்தது. பகலிலேயே அந்தி போல இருட்டு. இலைகளிலிருந்து நீர் சொட்டும் ஓசை நிற்கவே இல்லை. கவிதா முன்னால் நடந்தாள். அவள் ஒரு பூரானைப் பார்த்து நின்றபோது ஐந்து பேரும் நின்றோம். நான் அவளுடைய கணுக்காலையே பார்த்துக்கொண்டு நடந்ததால் அந்தக் காட்டில் ஒரு மரத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. திரும்பி வந்து கால்களைச் சோதித்தோம். பெரியவன் காலில் மட்டும் ஓர் அட்டை. அவன் அதைப் பெருமையாகக் காட்டினான்.

மறுநாள் கடல். மீனவர் குடியிருப்பு ஒன்றின் ஓரமாக மணலில் இறங்கினோம். மரகதம் டீச்சர் செருப்பைக் கழற்றி, "அப்பாடா" என்றார். அந்த 'அப்பாடா'வை நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். பழக்கப்படி வரிசையானோம். ஈர மணல் நடக்கச் சுகமாக இருந்ததால் தண்ணீரின் விளிம்பிலேயே நடந்தோம். கவிதா எல்லோருக்கும் முன்னால், கைவீசிக்கொண்டு. எங்கள் எல்லோர் கண்ணும் அவள் முதுகில். மலைப்பாதையில் ஆபத்து எதிரிலிருந்து வரும். அலை பக்கவாட்டில் வந்தது.

அவள் விழுந்தது எனக்குத் தெரியவில்லை. இருந்த இடத்தில் அவள் இல்லை, அவ்வளவுதான். நான் அவள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. மரகதம் டீச்சர் சேலையோடு தண்ணீருக்குள் விழுந்து, திரும்பி ஓடும் அலையில் கவிதாவின் பாவாடையை எட்டிப் பிடித்து இழுத்தார். அதற்குள் அங்கே கட்டியிருந்த படகின் விளிம்பில் குழந்தையின் நெற்றி மோதியிருந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்து எங்களை மலையாளத்தில் திட்டித் தீர்த்தாள். திட்டிக்கொண்டே வைத்தியரிடம் கூட்டிப்போனதும் அவள்தான். நெற்றியில் தையல் போட்டார்கள். திரும்பும்போது மரகதம் டீச்சர் ஈரச் சேலையோடு வரிசையைக் கலைத்து, கவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

ரயிலில் கவிதா என் மடியில் தூங்கினாள். "கட்டில்லருந்து வுழுந்துட்டான்னு சொல்லிடலாமா அக்கா?" என்று கேட்டேன்.

அவர் குழந்தையின் நெற்றிக் கட்டைப் பார்த்தார். "அப்படிச் சொன்னா, அலையை மறைக்க, கடலையே பார்க்கலன்னு இது பொய் சொல்லணும். எவ்ளோ ஆசையா பார்த்துச்சு."

ஜோலார்பேட்டையில் இறங்கியதும் அவர் மலைக்கு ஏறவில்லை. பையன்களையும் இழுத்துக்கொண்டு, வேலூர் வழியாக எங்களோடு சந்தவாசலுக்கே வந்தார். என் மாமனார் வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். குழந்தையின் நெற்றிக் கட்டைப் பார்த்ததும் கை நின்றது.

"இன்னா இது?"

"அலை அடிச்சிடுச்சுங்க" என்றார் மரகதம் டீச்சர். "உங்க மருமக மேல தப்பில்ல. பாப்பாவ முன்னாடி நடக்க வுட்டது நானு. மலையில அப்டிதான் நடப்போம். கடலுக்கும் அதேதான்னு நெனச்சிட்டேன்."

"நான் அன்னிக்கே சொன்னேன். இனிமே புள்ள இங்க இருக்கட்டும்."

"நீங்க கடலைப் பார்த்திருக்கீங்களா?"

"எனுக்கு எதுக்குமா கடலு?"

"இங்க வுட்டா இது மறுபடியும் தண்ணிகிட்டயே போவாது. பயந்துதான் வளரும். அடுத்த வருசமும் போவோம். நீங்களும் வாங்க. ஒரு கைய நீங்க புடிங்க, ஒரு கைய நான் புடிக்கிறேன்."

அப்போது கவிதா தாத்தாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு புளியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "தாத்தா, அது உப்பு" என்றாள்.

"இன்னா உப்பு?"

"கடலு. வாயெல்லாம் வந்துடுச்சு. துப்பிட்டேன்."

அவர் விரல் நுனியால் அந்தக் கட்டின் ஓரத்தைத் தொட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "சாப்ட்டுட்டுக் கெளம்புங்க. மலை பஸ்ஸ வுட்டுட்டா புள்ளைய வச்சிகிட்டு எங்க நிப்பீங்க?"

பள்ளி திறந்த முதல் நாள், மரகதம் டீச்சர் தன் வகுப்பில் முதலில் சொன்னது தன் தவறைத்தான். நம் பிள்ளைகள் ஓடையைத் தாண்டும்போது கத்துவார்களே, "மேட்டுல சின்னது முன்னாடி, தண்ணிகிட்ட சின்னது கையில" என்று, அது அன்றைக்கு வந்தது. அதன் பிறகு இரண்டு கோடைகள் நாங்கள் கடலுக்குப் போனோம். மாமனார் ஒருமுறையும் வரவில்லை.

மரகதம் டீச்சரின் காரியத்துக்கு வந்தார். ஏரிக்கரையில் சடங்கு நடந்தது. முதல் மழைக்கு ஏரி நிறைந்து, தண்ணீர் படிவரை வந்திருந்தது. கூட்டத்தில் கவிதாவைத் தேடினேன். அவள் தாத்தாவின் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுடைய ஒரு கையை அவர் இறுகப் பிடித்திருந்தார். மற்றக் கையை யார் பிடிப்பார்கள் என்று பார்ப்பவர் போலச் சுற்றுமுற்றும் பார்த்தார். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

வரும் கோடையில் டீச்சருடைய பையன்களையும் சேர்த்து நான்தான் கூட்டிப்போகிறேன். மரகதம் டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தச் சட்டமல்ல. தான் போட்ட சட்டம் தவறென்று தெரிந்த அன்றே, சேலை காயும் முன்பே, அதை மாற்றிக்கொண்டாரே, அதுதான்.