அடக்கப் பாட்டைச் சினிமாவில் பாடியவர்

சிந்தியா அக்காவை நான் முதலில் சந்தித்தது சண்டை போடப் போன இடத்தில். பெங்களூர் வைட்ஃபீல்டில் நைட் ஷிப்ட் முடித்து, ஜீவனஹள்ளியில் புதிதாக எடுத்திருந்த மாடி அறைக்கு வந்து படுத்தால், கீழ் வீட்டில் ஒரு பெண் குரல் சாதகத்தைத் தொடங்கிவிடும். எங்கள் வம்சத்திலேயே டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். அந்த மிடுக்கோடு இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"தம்பி, வாடகை ரூமுக்கு மட்டுந்தானே குடுக்கிறே? காத்துக்கும் சேத்தா?" என்றார்.

நர்சரி பள்ளியில் டீச்சர். தெருக்கோடியில் இருக்கும் கத்தோலிக்கப் பங்குக் கோவிலின் பாடகர் குழுவை நடத்துபவரும் அவர்தான். சம்பளமில்லாத வேலை. ஆனால் உயிர் அதில்தான் இருந்தது.

அந்தப் பங்கில் யார் இறந்தாலும், பெட்டியை மூடும்போது ஒரு பாட்டு உண்டு. எல்லோரும் எழுந்து நிற்பார்கள். பெண்கள் முக்காடு போட்டுக்கொள்வார்கள். அதன் மெட்டு ஒரு இத்தாலிய ஓபராவுடையது. வசனமே இல்லாமல் கதை முழுவதையும் பாடியே நடிக்கிற நாடகம் அது. எந்தக் காலத்திலோ இருந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் அந்த மெட்டுக்குத் தமிழ் வரிகள் போட்டுக் கொடுத்திருக்கிறார். அக்கா இதை எத்தனையோ முறை சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன வருடம் அந்த ஓபராவைத் தமிழில் படமாக எடுத்தார்கள். அந்த மெட்டை மூச்சு வாங்காமல் பாடக்கூடியவர் என்று யாரோ சொல்லி, அக்காவை ஸ்டுடியோவுக்கு அழைத்தார்கள். வரிகளைக் கொடுத்தார்கள், பாடினார். காட்சி என்னவென்று அவர்களும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. செய்தி வந்ததும் பங்குப் பேரவைச் செயலாளர் ஓஸ்வால்டுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம பங்குப் பொண்ணு" என்று ஊரெல்லாம் சொல்லி, முதல் ஞாயிறு மதியக் காட்சிக்கு மொத்தமாக டிக்கெட் எடுத்தார். நானும் போனேன்.

பாட்டு தொடங்கியது. முதலில் எழுந்தது கேத்தரின் ஆன்ட்டி. தவக்காலத்தில்தான் அவர் கணவரை அடக்கம் செய்திருந்தார்கள். இதே மெட்டு, இதே குரல். அவர் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்ள, பின்னாலேயே மொத்தப் பங்கும் எழுந்து நின்றது. யாரும் யோசித்துச் செய்யவில்லை. கால்களுக்கு அதுதான் பழக்கம்.

"யோவ், உக்காருங்கய்யா, மறைக்குது" என்றான் பின் வரிசையில் ஒருவன். "ஜனகணமனவா போடுறான்?" என்றான் இன்னொருவன்.

திரையில் கதாநாயகி கையில் ஒயின் பாட்டிலோடு ஒருவன் மடியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். தியேட்டர் விசிலடித்தது. கேத்தரின் ஆன்ட்டி மட்டும் கடைசி வரை உட்காரவில்லை. முக்காட்டுக்குள் அழுதுகொண்டு நின்றார்.

வெளியே வந்ததும் பங்குக்காரர்கள் அக்காவை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். குடும்பத்துக்கு ஆகாதவள், காசுக்கு அலைகிறவள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார்கள்.

"எங்க வீட்டுச் சாவக் கொண்டுபோய் வித்துட்டியேம்மா" என்றார் ஓஸ்வால்ட்.

"அந்த மெட்டே ஓபராவோட ஒயின் சீன்லேர்ந்துதான் அங்கிள் நம்ம கோவிலுக்கு வந்துச்சு" என்றார் அக்கா.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மைக்கில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் பாடகர் குழுவில் இடமில்லை என்று ஓஸ்வால்ட் தெருவில் வைத்தே தீர்ப்புச் சொன்னார். படத்துக்குப் போவதற்கு முன் அக்காவோடு செல்ஃபி எடுத்தவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் நானும் அவர்கள் பக்கமே பேசினேன். வாயால் ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டுப் பாட்டைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றேன்.

"சும்னே பேசாதே தம்பி. இந்த வாயாலதானே நான் கோவில்ல பாடணும்? இதையே பொய் சொல்ல வைக்கிறியா?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த ஞாயிறு நான் கோவிலின் கடைசித் தூணருகே நின்றேன். அக்கா மைக்கைப் பிடித்தார்.

"கேத்தரின் ஆன்ட்டி, என்ன சீன்னு கேக்காமப் பாடினது என் தப்பு. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கிறேன். பாடினதுக்கு யாருகிட்டயும் கேக்க மாட்டேன்."

ஓஸ்வால்ட் எழுந்து போய் மைக்கை அணைத்தார். பாதர் சாமி குனிந்து புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேத்தரின் ஆன்ட்டி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்திருந்தால் கதை மாறியிருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது பாடகர் குழுவை ஓஸ்வால்டின் மருமகன் நடத்துகிறார். அடக்கங்களில் அந்தப் பாட்டை நிறுத்திவிட்டார்கள். சிந்தியா அக்கா அதே நர்சரி பள்ளியில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை அதே கோவிலுக்குத்தான் போகிறார். பெஞ்சில் மற்றவர்களோடு உட்காருகிறார். பாட்டு நேரத்தில் வாய் திறப்பதில்லை.