சார்ஜனுக்கு மேலே ஒரு துரை

கேகாலை என்றால் எனக்கு முதலில் தூறல்தான் நினைவுக்கு வரும். அன்று நானும் அம்மாவும் அங்கே இருந்த பட்டாள முகாமுக்குப் பஸ்ஸில் போனபோதும் தூறிக்கொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பனிக்குள் போய்க்கொண்டிருந்தன. அது நடந்ததா, தூக்கத்தில் கண்டதா என்று இன்றைக்கும் சில நேரம் குழம்பிப்போவேன். ஆனால் அப்பாவின் மணிக்கட்டு கோணலாகத்தானே இருக்கிறது! நடந்ததுதான்.

எங்கள் தோட்டத்துக்குக் காவலுக்கு வந்தவர் பட்டாளத்தில் சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவர். காய்ந்த ரப்பர் கிளை ஒன்றை விறகுக்கு இழுத்து வந்ததற்காக, அப்பாவின் வலது கையைத் தடியால் அடித்து முறித்துவிட்டார். ரப்பர் பால் வெட்டுகிற கை அது.  போலீசுக்குப் போவோம் என்றேன்.

"போலீசு என்னாடி செய்யும்? அவரு பட்டாளத்து ஆளு," என்றாள் அம்மா. "கங்காணி தப்பு செஞ்சா தொரைகிட்டதானே போறோம்? இவருக்கு மேலயும் கேம்புல ஒரு தொரை இருப்பாருல்ல?"

"அவருதான் ரிட்டயர் ஆயிட்டாரேம்மா!"

"நானுந்தான் தோட்டத்து வேலையிலருந்து பேர் வெட்டி ரெண்டு வருசமாச்சு. இந்தச் செவுத்துல ஒரு ஆணி அடிக்கணும்னா இன்னமும் ஆபீசு வாசல்லதானே போயி நிக்கிறேன்?"

 எங்களுக்குத் தெரிந்த ஓய்வு அதுதான். "வடக்குல சண்டை நடக்கிற காலம், நாம தமிழாளுங்க. வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்காதீங்க," என்று அப்பா கெஞ்சினார். அம்மா கேட்கிற ஆளா?

முகாம் வாசலில் எங்கள் அடையாள அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.  உள்ளே போனால் அப்படி ஒரு அமைதி. வெள்ளை பூசிய கற்கள், நனைந்த அரளிப் பூக்கள், எங்கேயோ ரேடியோவில் மெதுவாக ஒரு சிங்களப் பாட்டு. தண்ணீருக்கடியில் நடப்பதுபோல நடந்தோம். அதிகாரி சின்ன வயசுக்காரர், உட்காரச் சொன்னார். கடைத்தெருவில் மீன் பேரம் பேசிப் பழகிய சிங்களத்தில் அம்மா எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "அம்மே, உடுப்பில் இருந்தபோது செய்திருந்தால், வெளியே போன பிறகும் கொஞ்ச காலத்துக்கு நாங்கள் இழுத்து வரலாம். இது கழற்றிய பிறகு செய்தது. எங்கள் சட்டம் இனி அவரைத் தொடாது. எல்லாரையும் போல அவருக்கும் போலீசும் கோர்ட்டும்தான்."

"அப்படின்னா அவரு இப்ப யாரோட ஆளுங்க?"

"யாருடைய ஆளும் இல்லை," என்று சிரித்தார்.

திரும்பி வரும்போது அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். "கேட்டியாடி? ரிட்டயர் ஆனா யாரோட ஆளும் இல்லியாம்," என்றாள். கையை முறித்தவனுக்குத் தண்டனை கேட்டுப் போனவள், அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டு வந்தாள். எனக்கு அவள்மேல் பாவமாக இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே போலீசுக்கு நடந்தாள். முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் தோட்டத்துத் துரை எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். "கேஸை வாபஸ் வாங்கு. இல்லாட்டி லயத்துக் காம்பராவ விட்டுப் போ," என்றார். தோட்டம் கொடுத்த வரிசை வீட்டில் எங்கள் ஒற்றை அறையைத்தான் சொன்னார்.

"நான் ரிட்டயர் ஆயிட்டேங்க தொரை," என்றாள் அம்மா.

"அதுக்கென்ன? காம்பரா தோட்டத்தோடது."

"காம்பரா தோட்டத்தோடதுதாங்க. நான் இல்லீங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்த வாரமே கேகாலையில் ஒரு கடைக்குப் பின்னால் அறை பிடித்து மூன்று பேரும் குடிவந்தோம். வழக்குத் தவணைகளுக்கு அங்கிருந்து நடந்தே போனோம், சார்ஜன் குற்றவாளி என்று நீதவான் சொன்ன நாள் வரைக்கும்.