பட்டியலின் முதல் முகம்

சுவர்த்தாள் ஒட்டும் பசையைத் தண்ணீரில் கரைக்கும்போது ஒரு மணம் எழும். புளித்த மாவும் நனைந்த சுவரும் கலந்ததுபோல. போன கிழமை மகளின் புது வீட்டில் வாளி நிறையக் கரைத்தேன். கலக்கிய தடி கையில் அப்படியே நின்றுவிட்டது. அந்த மணத்துக்குள் என் முகம் இருக்கிறது, ஜெர்மனியின் எசன் நகரத்துக் கம்பங்களில் ஒட்டிய சுவரொட்டியாக, மழையில் ஊறி, சிரித்துக்கொண்டு.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. சூடான படுக்கை விரிப்பின் ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை ஒரு லெபனான்காரன் பிடிப்பான். மடிக்கும்போது நெருங்குவோம், மடித்ததும் விலகுவோம். வருடக்கணக்காக அப்படி ஒரு நடனம். அங்கே வேலைசெய்த தமிழரிடமிருந்து 'அண்ணை' என்ற சொல்லைப் பொறுக்கிக்கொண்டு என்னை அப்படியே கூப்பிடுவான். மற்றதெல்லாம் எங்கள் இருவரின் உடைந்த ஜெர்மன். என் காதில் அது எப்போதோ யாழ்ப்பாணத் தமிழாகிவிட்டது, அப்படித்தான் எழுதவும் வருகிறது.

அவனுக்கு வதிவிட அனுமதி இருந்தது. அவன் தங்கை குடும்பத்துக்கு இல்லை. அவர்களிடம் இருந்தது வெறும் டுல்டுங்: உங்களை இன்னும் திருப்பி அனுப்பவில்லை என்று மட்டும் சொல்லுகிற, அடிக்கடி புதுப்பிக்க வேண்டிய ஒரு தாள். தங்கையின் மகள் முதல் எழுத்தையே இங்கேதான் படித்தவள். ஒரு பல் வைத்தியர் அவளைத் தொழிற்பயிற்சிக்கு எடுக்கத் தயாராக இருந்தார். அந்தத் தாளோடு பயிற்சிக்கு அனுமதியில்லை என்றது அலுவலகம். வருடப்பிறப்பு வரைக்கும் இடத்தை வைத்திருக்கிறேன் என்றார் வைத்தியர்.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டவர் ஆலோசனை சபைக்குத் தேர்தல் வந்தது. நகரசபைக்கு வாக்களிக்க முடியாத சனங்களுக்கென்று ஒரு சின்னச் சபை. அதிகாரம் கிடையாது, ஆனால் பெரிய ஆட்கள் முன்னால் எழுந்து பேசலாம். தங்கையின் மகளுக்காக எழுந்து பேச வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. லெபனான், பாலஸ்தீன், மொறொக்கோ ஆட்களைச் சேர்த்து ஒரு பட்டியல் செய்தான். வாக்கு ஆளுக்கல்ல, பட்டியலுக்கு. கிடைக்கும் இடங்கள் பட்டியலில் உள்ள பெயர்களுக்கு மேலிருந்து கீழாகப் போகும்.

ஒருநாள் விரிப்பை மடித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணை, நீங்கள் முதலாவதாய் நில்லுங்கோ. நான் ரெண்டாவது."

"விசரே உனக்கு? உங்கட ஆக்கள் எனக்கு ஏன் போடுறாங்கள்?"

"உங்களுக்கெண்டால்தான் போடுவாங்கள். எங்கட பேர் மேல இருந்தால் எங்கட ஆக்களே வீட்டுக்குள்ள இருந்திடுவாங்கள், சும்மா ஏன் கண்ணில படுவான் எண்டு. ரெண்டு அரபுக்காரன் சேர்ந்து தேத்தண்ணி குடிச்சாலே பேப்பரில படம் வருது. நீங்கள் நல்ல வெளிநாட்டுக்காரர், அண்ணை. சத்தமில்லாத சனம்."

பகிடியாகத்தான் சொன்னான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குள் ஒரு துளி பெருமை இருந்தது. நீராவி நடுவில் நின்றதால் அவன் கண்டிருக்க மாட்டான். எங்கள் பட்டியலுக்கு இரண்டு இடம் நிச்சயம் என்றான், நானும் தலையாட்டினேன்.

சுவரொட்டியைப் பார்த்த என் மனைவி விடவில்லை. "இதென்ன, கலியாண வீட்டு வாசலில பன்னீர் தெளிக்கிற ஆள் மாதிரிப் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறியள்! பின்னால நிக்கிற மனிசனுக்கு அரைவாசி முகம்தான் தெரியுது."

உண்மைதான். படத்தை அப்படி வெட்டச் சொன்னவன் அவனேதான்.

வாக்களிப்பு நாளில் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்கம் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். வந்தார்கள். முக்காடிட்ட பெண்கள், டாக்சியை மூலையில் நிறுத்திவிட்டு ஓடிவந்த ஆண்கள், குடும்பம் குடும்பமாக. வெளியே வந்த ஒரு கிழவர் தெருவைக் கடந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"தம்பி, உன்னை எனக்குத் தெரியாது. எங்கட ஆளைத் தெரியும், நல்லவன். ஆனா அவனை முன்னால விட்டுப் போட்டால், இங்க இத்தனை அரபுக்காரர் இருக்கிறாங்கள் எண்டு நாளைக்கு எவனாவது எண்ணுவான். உன்ர முகத்துக்குப் போட்டால் ஒருத்தனும் எண்ண மாட்டான்."

அவர் அதைக் கூச்சமில்லாமல் சொன்னார். கூச்சம் முழுக்க எனக்கு வந்து சேர்ந்தது. ஈரக் கையை உதறவும் முடியாமல், இறுக்கவும் முடியாமல் நின்றேன்.

ஓர் இடம்தான் கிடைத்தது. அது என்னுடையது.

முதல் கூட்டத்தில் நகரசபையிலிருந்து வந்த ஒருவர் என் கையைக் குலுக்கினார். "தமிழரா? உங்கள் ஆட்களால் எங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை" என்றார். பார்வையாளர் வரிசையில் என் லெபனான்காரன் இருந்தான், கேட்கும் தூரத்தில். நன்றி சொன்னது என் வாய். என் முறை வந்தபோது எழுந்து, அரபுப் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி மறுக்கப்படுவதைப் பற்றிப் பேசினேன். அரபு என்ற சொல்லிலேயே முகங்கள் மடிந்ததைக் கண்டேன், எங்கள் விரிப்புகள்போல, ஓசையில்லாமல். விடயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டது.

அவனும் நானும் ட்ராம் தரிப்பிடம் வரை நடந்தோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வைத்தியர் கடைசியில் வேறு பிள்ளையைத்தான் எடுத்தார், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று மாலை எங்களுக்கு அது தெரியாது. வருடப்பிறப்புக்கு முன் இன்னும் ஒரு கூட்டம் மிச்சம் இருந்தது.

"நான் விலகுறன்" என்றேன். "அடுத்த பேர் உன்ரதானே. நீ போய் இரு."

"விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. அரபுக்காரர் வெருட்டித் தமிழனைக் கதிரையால எழுப்பிப் போட்டாங்கள் எண்டு நாளைக்கே எழுதுவாங்கள். உங்கட சனமும் அதைத்தான் சொல்லும்."

சொல்லியும் விட்டது. அன்று காலையில்தான் தமிழ்க் கடையில் ஒருவர், "வெருட்டியோ அண்ணை உங்களை எலெக்சனில நிப்பாட்டினவங்கள்?" என்று கேட்டிருந்தார். கடை முழுக்கச் சிரித்தது. கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டு நானும் கொஞ்சம் சிரித்துவிட்டு வந்திருந்தேன்.

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"இருங்கோ. அந்தக் கதிரையில நல்லாச் சாய்ஞ்சு இருங்கோ. அடுத்த முறையும் கேளுங்கோ. ஆனா அண்ணை, அரபுப் பிள்ளையள் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. இந்த நகரத்துப் பிள்ளையள் எண்டு சொல்லுங்கோ, அப்பதான் காது குடுப்பாங்கள். ட்ராம் வருது, ஏறுங்கோ."